படகில் ஓடிய கார் ஷாஃப்ட்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடையும் டர்னராக இருந்தேன். இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஏழு மாதம். எங்களுக்கு வரும் வேலையெல்லாம் லாஞ்சு, மீன்பிடிப் படகு, உப்பளத்துப் பம்பு இவற்றோடு சரி. கார் வேலை வராது. அதனால் ஒருநாள் காலை சிவப்பு நிறத்தில், கூரையில்லாத இரண்டு சீட் கார் ஒன்று உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

ஓட்டி வந்தவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டாக்டரம்மா. ஐம்பதைத் தாண்டியவர். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவருடைய அப்பா வாங்கிய கார் அது. அப்பா காலமான பிறகு அவரே ஓட்டினார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு அந்தக் காரில் அவர் போவதைப் பார்க்க ஜனங்கள் தெருவில் நிற்பார்கள்.

"தம்பி, நாப்பது மைலுக்கு மேல போனா பல்லெல்லாம் ஆடுது. பின்னால ஒரு லாரி வந்தா கண்ணாடியில ரெண்டு லாரியாத் தெரியுது" என்றார்.

சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான குழாய் அந்தக் காருடையதே இல்லை. யாரோ ஒரு பழைய ஜீப்பின் ஷாஃப்ட்டை நடுவில் வெட்டி, ஒட்டி, வெல்டிங் வைத்திருந்தார்கள். ஒட்டினதும் கோணல். அது சுற்றும்போது கார் ஆடாமல் என்ன செய்யும்?

டாக்டரம்மா மதுரையில் வேலை பார்த்த காலத்தில் டிரைவர் எங்கேயோ கொடுத்துச் செய்த வேலையாம். பழைய ஷாஃப்ட்டை இரும்புக் கடையில் போட்டாயிற்று.

"அளவு கொடுங்க, புதுசா ஒண்ணு செஞ்சிருவோம்" என்றேன்.

"எனக்கு ஓடினா மட்டும் போதாது. கம்பெனியில இருந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும்" என்று, காரோடு வந்த கையேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் எண்ணும் அங்குலமும் எந்த மொழியிலும் ஒன்றுதானே. படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'புரொப்பல்லர் ஷாஃப்ட்.' எங்கள் பட்டறை வெல்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காருக்கு எதுக்குலே புரொப்பல்லர்? இது தண்ணியிலயும் போகுமோ?"

அளவுக்கு ஏற்ற குழாய் தேடியே மூன்று வாரம் ஓடியது. அப்போது தருவைகுளத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். பழைய லாரி எஞ்சின் பூட்டிய விசைப்படகு அவருடையது. எஞ்சினையும் புரொப்பல்லர் விசிறியின் தண்டையும் இணைக்கிற ஷாஃப்ட்டைக் கழற்றித் தோளில் சுமந்து வந்திருந்தார். "இதுல கிராஸ் சத்தம் போடுது. என்னான்னு பாரு." கிராஸ் என்றால் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். கருப்புப் பிசினும் உப்பும் கரைந்து போக, அந்த மூட்டைப் பிடித்திருக்கும் கவையில் ஒரு எண் தெரிந்தது. எங்கேயோ பார்த்த எண். கையேட்டை எடுத்துப் பிரித்தேன். அதே எண். முனையில் இருந்த பிளேட்டில் நான்கு ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை தூரம் வைத்துப் பார்த்தேன், அதே தூரம். நீளமும் அதே. நல்லவேளையாக யாரும் அதை வெட்டவில்லை. இரும்புக் கடையில் போட்ட கார் ஷாஃப்ட் இத்தனை வருஷமாகக் கடலில் மெய்யான புரொப்பல்லரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது!

"அண்ணாச்சி, இது டாக்டரம்மா கார்ல உள்ளது" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். மதுரை இரும்புக் கடையில காசு குடுத்து வாங்கினேன். இப்ப என் படகுல உள்ளது. இது வந்த பொறவுதான் எனக்கு நல்ல மீன்பாடு. ராசியான சாமான்லே. தர மாட்டேன்."

டாக்டரம்மாவிடம் சொன்னேன். மறுநாளே தடதடவென்று காரை ஓட்டிக்கொண்டு தருவைகுளம் போனார். நான் பக்கத்து சீட்டில். கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது. படகுக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். உள்ளே இருந்த ஜீப் ஷாஃப்ட்டைப் பார்த்ததும் அவரே முகம் சுளித்தார். "என்னம்மா, இவ்வளவு நல்ல வண்டியில இப்பிடி ஒரு கோலத்தைப் போட்டு வச்சிருக்கான்!"

அதற்குப் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. ஆனால் அவர் இரண்டு நிபந்தனை போட்டார். படகுக்கு இதைவிட உறுதியாக ஒன்று செய்து தர வேண்டும். அதைப் பூட்டிக் கடலுக்குப் போகும்போது செய்தவனும் கூட வர வேண்டும். இது ஒன்று. கார் சரியானதும் முதல் சவாரி அவருக்கு. இது இரண்டு.

கெட்டியான இரும்புத் தண்டில் அவருக்கு ஒரு ஷாஃப்ட் கடைந்தேன். ஒரு விடியலில் படகு ஏறினேன். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தேனே தவிர, அதுவரை கடலுக்குள் போனதில்லை. கரை மறைவதற்குள் வாந்தி. வெயில் ஏற ஏற இன்னும் வாந்தி. படகுக்காரர் எஞ்சின் பலகையைத் தூக்கி, சுற்றும் தண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஷாஃப்ட்டு நல்லாத்தான் இருக்கு. நீதாம்லே சரியில்ல" என்று சிரித்தார். திரும்பும்போது பெரிய விளமீன் ஒன்றைக் கையில் கொடுத்தார். வீட்டில் என் மனைவி மீனையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "இதுல எதைப் பிடிச்சுட்டு வந்தாங்க?" என்று கேட்டாள்.

உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. உப்பு அந்த ஷாஃப்ட்டைத் தின்றிருந்தது. குழாயின் மேல்பக்கம் அரித்திருந்தாலும் உள்ளே கனம் இருந்தது. மெல்ல மெல்லத் தேய்த்து வழவழப்பாக்கினேன். லேத்தில் இரு முனையிலும் பிடித்துச் சுற்றவிட்டு, வளைவைக் காட்டும் டயல் கருவி வைத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை வளைவு. சூடு காட்டி, ஈரத்துணி போட்டு, மறுபடி சுற்றி, மறுபடி சூடு காட்டி, மூன்று நாளில் நேராக்கினேன். கிராஸும் பேரிங்கும் உள்ளூரில் கிடைக்கவில்லை. டாக்டரம்மாவின் தம்பி கப்பலில் எஞ்சினியர். லண்டன் போய்த் திரும்பியபோது அவற்றைச் சட்டைத் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார்.

ஷாஃப்ட்டின் ஒரு நுனியில், உள்ளே வெளியே நகர்ந்து கொடுப்பதற்காகச் சுற்றிலும் பதினாறு பல் உண்டு. அது ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. அந்தத் துண்டைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். "மாத்த வேண்டியதை மாத்து. அளவும் உருவமும் மட்டும் மாறக் கூடாது" என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு பல்லாக வெட்டினேன். வெட்டும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கடைசிக்கு வந்தால் பதினாறாவது பல்லுக்குப் பாதி இடம்தான் மிச்சம். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறியிருக்கிறேன். இரண்டு நாள் உழைப்பு போயிற்று. அந்தத் துண்டை டாக்டரம்மாவிடம் காட்டினேன், திட்டுவார் என்று பயந்தபடியே. உருட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு பல்லு பாதிதான் முளைச்சிருக்கு. இதை நான் வச்சுக்கிடுதேன்" என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை பதினாறும் பதினாறாக நின்றன. பட்டறைக்கே டீ சொன்னேன்.

கடைசியாகச் சமன் பார்ப்பது. இரண்டு இரும்புச் சட்டங்களை மட்டமாக வைத்து, அதன் மேல் ஷாஃப்ட்டைப் படுக்க வைத்தால், கனமான பக்கம் தானாக உருண்டு கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே நகத்தளவு தகட்டை ஒட்ட வேண்டும். ஒட்டி, உருட்டி, அரத்தால் ராவி, உருட்டி... ஒருநாள் மத்தியானம் எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. வெல்டர் வாயால் ஊதிப் பார்த்தார். அப்போதும் நகரவில்லை.

கருப்புப் பெயின்ட் அடிக்கும் முன்பு, கவையின் இடுக்கில் மஞ்சளாக ஒரு தீற்றலைக் கண்டேன். கம்பெனியில் போட்ட அடையாளக் கோடு. அதே மஞ்சளில் அதே இடத்தில் கோடு போட்டேன். பூட்டி முடித்ததும் டாக்டரம்மா பாய் ஒன்றை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச்சோடு காருக்கு அடியில் போய்விட்டார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. டார்ச் வெளிச்சம் முன்னும் பின்னும் நகர்ந்தது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "ஏப்பா, மஞ்சக் கோடு கூடப் போட்டிருக்கே!"

முதல் சவாரி வாக்குப்படி படகுக்காரருக்கு. நான் முன்னதாகவே பஸ்ஸில் தருவைகுளம் போய்க் கரையில் நின்றேன். போகும்போது அவர் தலையில் துண்டு இருந்தது, வரும்போது இல்லை. "அறுபது மைலுலே! காத்து துண்டைப் புடுங்கிட்டுப் போயிட்டு. ஒரு ஆட்டம் இல்ல!" என்று இறங்க மனமில்லாமல் இறங்கினார்.

டாக்டரம்மாவும் இறங்கிச் சாவியை என்னிடம் நீட்டினார். "இப்ப நீ ஓட்டு."

"எனக்குச் சைக்கிள்தான் தெரியும், டாக்டரம்மா."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "சரி, ஏறு. எங்க போகணும்?" என்றார்.

வீட்டுக்கு என்றேன். வழியெல்லாம் கண்ணாடியையே பார்த்தேன். பின்னால் வந்த உப்பு லாரி ஒற்றை லாரியாகத்தான் இருந்தது. என் தெருவில் கார் நின்றதும் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள். நான் இறங்கி, என் சீட்டைக் காட்டினேன். அவள் தயங்கவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

கடற்கரைச் சாலைவரை போய்த் திரும்பி வந்தார்கள். தெரு முழுக்க வாசலில் நின்றது. நான் கதவைத் திறந்துவிடப் போனேன். அவள் கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை போவமாக்கா?" என்றாள்.

கார் மறுபடி கிளம்பிவிட்டது. நான் பக்கத்து வீட்டுச் சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே மிதித்தேன்.