வேக்ஸ் காயணும்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் சர்வேயர் என்பார்கள். வீட்டில் அவர் 'அப்பா', இல்லையென்றால் 'என்னங்க'. தெருவில் மட்டும், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், 'காயணும் சார்'. அந்தப் பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவருடைய சிவப்புக் கார்தான்.

எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டார். "இப்பத்தான் வண்டிக்கு வேக்ஸ் பாலிஷ் போட்டேன் சார். ஒரு நாள் காயணும், அதுவரைக்கும் வண்டிய வெளிய எடுக்கக் கூடாது." அடுத்த மாதம் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போகக் கேட்டபோதும் காயணும். மேகம் இருந்தால் ஈரத்தில் பிடிக்காது, காயணும். வெயில் அடித்தால் திட்டுத் திட்டாகிவிடும், நிழலில் காயணும். ஆறு வருடமாக அந்தக் கார் காய்ந்துகொண்டே இருந்தது. அதற்குள் கருவாடே தோற்றுப்போயிருக்கும்.

கஞ்சன் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. தெருவுக்கு என்ன தெரியும். மனிதருக்குப் பயம். வெறும் பயம் இல்லை, விவரம் தெரிந்த பயம்.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது எவ்வளவு சேதம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் வேலை. எந்த மோதலில் எந்தத் தகடு எந்தப் பக்கம் மடங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வண்டிக்கு வெளியே இருப்பதை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பதை யாரிடமும் சொன்னதில்லை. இருக்கைக்கு அடியில் ஒற்றைச் செருப்பு. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். பின்சீட்டில் ஒரு சாப்பாட்டு டப்பா, இன்னும் சூடு ஆறாமல். அதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு, மகள் டிவி பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்ப்பார். பிறகுதான் சாப்பாடு.

காரை வாங்கியதே மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான். ஓட்டத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஊர் விழிப்பதற்குள் பெட்ரோல் பங்க் வரை போய் வருவார், இரண்டாவது கியரைத் தாண்டாமல். திரும்பி வந்து நிறுத்தியதும் பாலிஷ் மெஷினை எடுத்துவிடுவார். அந்த மெஷின் சுற்றுகிற சத்தத்தில்தான் அவர் பயம் அடங்கும். நின்ற இடத்தில் நிற்கிற வண்டி, பளபளவென்று, நசுங்காமல். அதைப் பார்க்கத்தான் தேய்த்தார்.

இந்த நிலையில்தான் மகளுக்கு வேலை கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஷிஃப்ட். முதல் பஸ் கிளம்புவதற்குள் அங்கே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, திங்கக்கிழமைலேர்ந்து நான் வண்டிய எடுத்துட்டுப் போறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதேம்மா."

அவள் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துத் தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மனைவி குழம்பைக் கரண்டியால் மும்முரமாகக் கிளறினாள். இரண்டு பேரும் கூட்டு என்று அவருக்குப் புரிந்தது.

"நாளைக்கு வேக்ஸ் போடணும்னு இருந்தேன்" என்றார்.

"போடுங்கப்பா. ஞாயித்துக்கிழமை பூராக் காயட்டும்."

அந்த மலைப்பாதையை அவருக்கு வளைவு வளைவாகத் தெரியும். அவர் பார்த்த வண்டிகளில் பாதி அங்கிருந்து இழுத்து வரப்பட்டவை. மூன்றாவது வளைவில் லாரிகள் நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும். பனி இறங்கினால் வெள்ளைக் கோடே தெரியாது. அன்றைக்கு அவர் படுத்தாரே தவிர தூங்கவில்லை.

ஞாயிறு காலை காரைக் கழுவித் துடைத்தார். விளக்கு, கண்ணாடி ரப்பர், கதவின் ஓரம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினார். ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், மெஷின் பட்டால் உரிந்துவிடும் என்பதற்காக. மனசு மலையில் இருந்ததால் பானட்டின் முன் ஓரத்தை மட்டும் மறந்துவிட்டார். மெஷினின் ஸ்பாஞ்சுத் தட்டில் பாலிஷ் பசையை நாலு பொட்டு வைத்து மெஷினை ஓடவிட்டார்.

மகள் வாசலுக்கு வந்து மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "அப்பா, நாளைக்கு நாலே முக்காலுக்குக் கிளம்பிடுவேன். பனியா இருக்குமாம். அம்மாகிட்ட ஃபிளாஸ்க் எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். பனி என்ற சொல்லில் அவர் கை நின்றுபோனது. மெஷின் நிற்கவில்லை. கருகல் வாடை மூக்கில் ஏறியபோதுதான் பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தார். வெள்ளை ஸ்பாஞ்சு சிவந்திருந்தது. மேலே இருக்கிற கண்ணாடி போன்ற பூச்சு போய், சிவப்பும் போய், பானட்டின் ஓரத்தில் அடிப்பூச்சு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். ஆறு வருடமாகத் தேய்த்துத் தேய்த்து அவரே மெல்லிசாக்கிய பெயிண்ட் அது.

முதலில் பெயிண்ட் போயிற்றே என்றுதான் இருந்தது. பிறகு நெஞ்சுக்குள் வேறு ஏதோ ஒன்று மெல்லத் தலைதூக்கியது. பெயிண்ட் அடிக்கிற இடத்தில் விட்டால் பத்து நாள் ஆகும். கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் பதினைந்து. ஆனால் நகம் அளவு புள்ளிக்கு யார் வண்டியைக் கடையில் விடுவார்கள்? கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வைத்தால் போதும் என்பாள் மகள்.

சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. மெஷினை மறுபடி ஓடவிட்டு, அந்த வெள்ளைப் புள்ளியின் மேலேயே வைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதன் மேல் சாய்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை விரியும்வரை எடுக்கவில்லை.

சேதத்தைக் காட்டக் கூப்பிட்டபோது மகள் ஓடி வந்து, குனிந்து, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கொடுமை.

"ஐயோ பாவம் அப்பா. குழந்தை மாதிரி பாத்துக்கிட்ட வண்டி." அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "கடையில விட்டுருங்க. என்னப் பத்திக் கவலைப்படாதீங்க. கூட வேலை பாக்கிற அக்கா ஸ்கூட்டர்லதான் போறாங்களாம். அவங்க பின்னாடி உக்காந்துக்கறேன்."

காருக்காவது மோதினால் மடங்குவதற்குத் தகடு இருக்கிறது. ஸ்கூட்டரில் என்ன இருக்கிறது? ஸ்கூட்டர் விபத்துக்குப் போனால் அவர் எழுதுவதற்கே அதிகம் இருக்காது. பெரும்பாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மாலையில் மனைவி தேநீரோடு கார் பக்கம் வந்து, படியில் உட்கார்ந்தாள்.

"துணி காயப்போட்டுட்டு இருந்தேங்க. நீங்க ரெண்டாவது தடவை ஆன் பண்ணினதப் பாத்தேன்."

அவர் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"உங்க பயம் எனக்குத் தெரியாதா. தூக்கத்துல நீங்க பிரேக்க மிதிக்கறது எனக்குத்தான தெரியும். ஆனா இன்னைக்கு அவள ஸ்கூட்டர்ல ஏத்தி விட்டது நீங்கதான். அத மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

அவர் உள்ளே போனார். மகள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல்ல கொஞ்சம்தாம்மா போச்சு. மீதிய நானாத்தான் தேச்சேன். நீ போகக் கூடாதுன்னு." சாவியை அவள் பக்கம் நீட்டினார். "ஸ்கூட்டர் வேண்டாம். வண்டியிலயே போ."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். ஏதோ காட்டமாகச் சொல்ல வந்தது முகத்தில் தெரிந்தது.

"காய வேண்டாமா?" என்றாள் கடைசியில்.

"காயறதுக்கு அதுல ஒண்ணும் இல்லம்மா. மூணாவது வளைவுல மட்டும் ஹாரன் அடி."

திங்கட்கிழமை விடியும் முன் கார் கிளம்பியது. பின்விளக்குகள் முனை திரும்பும்வரை அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலுவலகம் போனார். பரிசோதனைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். தெரிந்தும் நாலு தடவை அடித்தார். மணி மட்டும் அடித்து ஓய்ந்தது.

பதினோரு மணி வாக்கில் பட்டறை மெக்கானிக் கூப்பிட்டான். "சார், மலைரோட்டுல லாரியோட மோதின வண்டி ஒண்ணு இழுத்துட்டு வந்திருக்கோம். காலைல நடந்ததாம். ஓட்டினவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. வந்து பாத்துருங்க."

"என்ன கலர்?"

"செகப்பு சார்."

நம்பர் கேட்டார். முன் பிளேட் நசுங்கிக் கிடக்கிறது, பின் பிளேட் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது என்றான். அவர் ஆட்டோ பிடித்து எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பின்னால் யோசித்தபோது அவருக்கே நினைவில்லை. பட்டறையின் கோடியில் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அதே சிவப்பு, அதே மாடல்.

"முன்னாடிதான் சார் எல்லாம் போச்சு" என்று மெக்கானிக் தார்ப்பாயில் கை வைத்தான்.

"இரு" என்றார். "நான் தூக்கறேன்."

தார்ப்பாயை அவர் முன்பக்கத்திலிருந்து தூக்கினார். பானட் இரண்டாக மடிந்து மேலே எழும்பியிருந்தது. குனிந்து, மடிந்த தகட்டின் முன் ஓரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலால் தடவிக்கொண்டே போனார். சிவப்பு. சிவப்பு. முழுக்கச் சிவப்பு. வெள்ளை எங்கேயும் இல்லை. மறுபடி ஒருமுறை தடவினார். பிறகு அங்கேயே, எண்ணெய் படிந்த தரையில், பேன்ட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"சார், தண்ணி கொண்டு வரவா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது உடைந்த கண்ணாடி வழியாக முன்சீட்டு தெரிந்தது. அதில் ஒரு சாப்பாட்டு டப்பா சாய்ந்து கிடந்தது. யாரோ காலையில் எழுந்து கட்டிக்கொடுத்தது. சிரிப்பு நின்றது. இன்னொரு வீட்டுக் கேட்டருகே இப்போது யாரோ நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தார். தன் சந்தோஷத்தை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானமே அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம்வரை கேட்டருகே நின்றார். முனையில் ஒரு சிவப்பு வண்டி திரும்பியது. இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. மூன்றாவது வண்டி முகத்தைத் திருப்பியபோது பானட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகல வெள்ளை தூரத்திலிருந்தே தெரிந்தது. கேட்டைத் திறக்கத் தாழ்ப்பாளைத் தேடிய விரல்கள் வழுக்கின.

"என்னப்பா இப்படி வேர்த்திருக்கு?" என்று இறங்கினாள் மகள். "கடையில எப்ப விடப் போறீங்க? தெருவே சிரிக்குது."

"துரு பிடிக்காம மேல கொஞ்சம் வார்னிஷ் மட்டும் தொட்டு வெக்கறேன். வெள்ளை அப்படியே இருக்கட்டும்மா."

ஏன் என்று அவள் கேட்டாள். அவர் கேட்டைச் சாத்தப் போனார். பட்டறைக்குப் போனதை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் சாயங்காலமும் கேட்டருகே வந்து நின்று, முனையில் திரும்புகிற ஒவ்வொரு சிவப்பு வண்டியிலும் அந்த வெள்ளையைத் தேடினார்.