பாடு இல்லாத நாளிலும் ஒரு மாத்திரை

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு ஆகிறது. அப்பாவுக்கான நினைவு மலரில் உருக்கமாக எழுது என்றார்கள் உறவினர்கள். எனக்கு வரவில்லை! நைனாவை நினைத்தாலே எழுந்து நின்று கத்திச் சொல்லத்தான் தோன்றுகிறது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கோட்டைக்குப்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்தவர் நைனா. படகேறிய நாள் முதல் மூச்சிழுப்பும் அவரோடு ஏறிக்கொண்டது. அந்த இழுப்போடுதான் எங்கள் நால்வரையும் வளர்த்தார்.

வெளியூர்ச் சொந்தங்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் ஏரியில் பாடு என்பது, நல்ல இடத்தில் வலை கட்ட ஒவ்வொருவருக்கும் முறைவைத்து வரும் நாள். எழுபதுகளின் கடைசியில் நைனா மூன்று பாடுகளைத் தொடர்ந்து தவறவிட்டார். இழுப்பில் கழியைக்கூட ஊன்ற முடியவில்லை. நாலாவதும் போனால் முறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. வீடே கதிகலங்கிப் போனது.

முன்பே மாத்திரை கொடுத்திருந்தும் இப்படியா என்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நைனாவை அம்மா மறுபடி இழுத்துப் போனார். நானும் போனேன்.

"ராத்திரி எத்தினி வாட்டி எழுந்து உக்கார்றீங்க? படகு தள்றப்ப மூச்சு வாங்குதா? மாத்திரைய தெனமும் போடறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பாடு நாள்ல கரெக்டா போட்டுக்கறேம்மா. சும்மா கீற நாள்ல எதுக்கு வேஸ்ட் பண்ணணும்னு எடுத்து வெச்சிடுவேன்," என்றார் நைனா, பெருமையாக!

அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"மூச்சு விடறதுக்கும் பாடு நாள் வெச்சிருக்கீங்களா ஐயா? நல்லா இருக்கிற நாள்லயும் போட்டாதான் பாடு நாள்ல நிப்பீங்க," என்றார் டாக்டரம்மா.

அன்று முதல் அம்மாதான் காவல். மாத்திரை போடாவிட்டால் சோறு கிடையாது! "இன்னாடி இது, வீடா போலீஸ் ஸ்டேஷனா?" என்று கத்திக்கொண்டே விழுங்குவார் நைனா. புகை ஆகாது என்பதால் அடுப்பு வெளியே போனது. டாக்டரம்மாவும் அடிக்கடி வரச்சொல்லி, நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து மாத்திரையின் அளவை மாற்றினார்.

நாலாவது பாடு வந்தது. நாங்கள் கரையில் நின்றோம். நைனா தம் கையாலேயே படகைத் தள்ளினார், ஏறினார், கழியை ஊன்றிப் போயே போய்விட்டார்! திரும்பும்போது, "ஏய், பாத்துக்கினே நிக்கறீங்களே, கூடை எடுத்தாங்க!" என்று தண்ணீரில் இருந்தே அவர் போட்ட சத்தம் குப்பம் முழுக்கக் கேட்டது. அம்மா மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகு நைனா ஒரு பாடு நாளையும் தவறவிடவில்லை. போன வருடம் காய்ச்சலில் படுத்தார். மூன்றாம் நாள் அமைதியாகப் போனார்.

டாக்டரம்மாவுக்கும், மாத்திரை எடுத்துக் கொடுத்த கம்பவுண்டர் ஐயாவுக்கும், படகில் துணைநின்ற பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இதைப் படிக்கும் சொந்தங்களில் யாருக்காவது இழுப்பு இருந்தால், இன்று நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். மலரைக் கீழே வைத்துவிட்டு இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நைனா மேல் ஆணை!

மூத்த மகள்