சிவப்பு மையில் குறித்த துண்டு

பெங்களூர் நீலசந்திராவில் இருந்த கட்சி ஆபீசுக்குள் நான் நுழைந்ததும், பின்னால் ஒருவன் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே உட்கார்ந்துதான் தலைவருக்கு மேடைப் பேச்சு எழுதினேன். எங்கே துண்டை எடுத்து முகம் துடைக்க வேண்டும், எங்கே சோடா குடித்துக் கைதட்டலுக்கு இடம் விட வேண்டும் என்றெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துக் கொடுப்பேன். பிறகு தமிழ் நாளிதழ் ஒன்றில் நிருபரானேன். நான் எழுதிய பேச்சுக்கு, 'கூட்டம் ஆர்ப்பரித்தது' என்று நானே செய்தி போட்டேன். அதற்கும் பிறகு டிவி சீரியலுக்கு வசனம். ஒரு நாள் எதுவும் ஓடாத எரிச்சலில், குடிசைகளை வளைத்துப்போட வரும் வில்லனுக்கு அந்தப் பேச்சையே துண்டு, சோடாவோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். அது ஒளிபரப்பான மறுநாள் தலைவரின் ஆள் வந்து என்னைக் கூட்டிப்போனான்.

"இந்தக் குடிசைங்கதான் என் உடம்புன்னு அந்த வில்லன் சொல்றான். அது என் பேச்சுதானே?" என்றார் தலைவர்.

"நான் எழுதினதுண்ணா."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அவர் கையமர்த்தினார்.

"ஸ்வல்ப இருங்கப்பா. நான் பேசினப்ப ஜனங்க கை தட்டினாங்க. அவன் பேசறப்ப என் சம்சாரமே டிவியைப் பார்த்து, நாசமாப் போறவன்னு திட்டறா. அப்படி என்னய்யா மாத்தினே?"

"எதையுமே மாத்தலைண்ணா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் குறித்துக் கொடுக்காமல் அவர் துண்டை எடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.