சித்தியின் வகுப்பில் பிடிபட்ட திருடன்

என் சித்தி பகலில் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பல்கலைக்கழகத்தில் காவல்துறை, குற்றவியல் நீதி பற்றிப் பாடம் எடுக்கிறாள். பகுதிநேர விரிவுரையாளர்.

அவள் முன்பு போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு திருடனைக்கூட நேரில் துரத்தியதில்லை. ஆனால் ஊரில் நடந்த அத்தனை திருட்டையும் காதால் கேட்டிருக்கிறாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அம்மா சாதாரணமாகப் போன் செய்தாலும், "எங்கே இருக்கீங்க? பதறாம சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். "சமையல் கட்டுல இருக்கேன்டி, எனக்கென்ன பதற்றம்?" என்று அம்மா கத்துவாள்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கன்ட்ரோல் ரூம்'. அது அவளுக்கும் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமைகூட உண்டு. இத்தனை வருஷம் வெறும் குரலாக இருந்தவளை ஒரு வகுப்பு முழுக்க முகம் பார்த்துக் கேட்கிறது. அந்த இரண்டு சாயங்காலங்களுக்காகத்தான் மற்ற நாட்களையும் அவள் ஓட்டுகிறாள் என்று சித்தப்பா சொல்வார்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கென்று அறை கிடையாது. பகுதிநேர ஆட்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மேஜை. ஒரு இசை ஆசிரியர் அதில் வயலினைப் படுக்க வைத்துவிடுவார். அதனால் சித்தி தன் அலுவலகத்தையே ஒரு பெரிய பையில் தூக்கிக்கொண்டு அலைவாள். கையுறை, பிளாஸ்டிக் கால்தடம், குற்றம் நடந்த இடத்தைச் சுற்றிக் கட்டும் மஞ்சள் நாடா, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் அதில் இருக்கும்.

ஒவ்வொரு பருவத்திலும் சாட்சியம் பற்றிய பாடம் வரும்போது அவள் ஒரு நாடகம் போடுவாள். பாடத்தின் நடுவில் ஒரு திருடன் பின்கதவு வழியாக ஓடிவந்து பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். மாணவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது. கண்ணால் பார்த்ததையும் நம்ப முடியாது என்பதுதான் பாடம்.

அந்தத் திருடன் வேறு யாருமில்லை, சித்தப்பாதான். தரைக்கல் விற்கும் கடையில் வேலை. ஈ மேலே உட்கார்ந்தால்கூட அதற்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று அசையாமல் இருப்பார். கறுப்பு மேல்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஓடும்போதே "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டு போகிற திருடன்.

இந்தத் தடவை சித்திக்கு ஒரு கவலை இருந்தது. துறைத்தலைவர் இந்த மாதத்தில் ஏதோ ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் வகுப்புக்கு வந்து உட்காருவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பருவத்துக்கு அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

நான் பள்ளி முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்தேன். "ஃபேன் சுத்துறதை எண்ணிட்டு இருக்காதே, வந்து பின்னாடி உட்காரு" என்று என்னையும் இழுத்துப் போயிருந்தாள். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

சித்திக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. போன பருவத்து மாணவர்கள் இந்தப் பருவத்து மாணவர்களிடம் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கறுப்புச் சட்டை, பின்கதவு, பை என்று. 'கம்பம்' என்று எல்லாரும் கூப்பிடும் நெட்டைப் பையனும் அவன் பக்கத்தில் இருந்த வகுப்புத் தலைவியும் சித்தியின் பையிலிருந்த மஞ்சள் நாடாவை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, கதவோரம் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தி முதுகைத் திருப்பிக்கொண்டு பலகையில் எழுதினாள். பின்கதவு மெல்லத் திறந்தது. கறுப்பு மேல்சட்டை போட்ட ஒருவர், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று குனிந்து, பூனை மாதிரி நுனிக்காலில் உள்ளே வந்தார்.

"மாட்டினான்டா!" என்று பாய்ந்தான் கம்பம்.

கண் மூடித் திறப்பதற்குள் அந்த மனிதர் ஒரு நாற்காலியில் மஞ்சள் நாடாவால் சுற்றப்பட்டிருந்தார். வகுப்புத் தலைவி மனப்பாடமாக ஒப்பித்தாள்: "நீங்க பேசாம இருக்க உங்களுக்கு உரிமை உண்டு."

"ஏம்மா, நான் துறைத்தலைவர்!" சாயங்கால வகுப்பு மாணவர்கள் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

"அதை உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க."

"அடையாள அட்டை சட்டைப்பையில இருக்கு, எடுத்துப் பாரு!"

"கையுறை இல்லாம தடயத்தைத் தொடக்கூடாது சார். மேடம் சொல்லியிருக்காங்க."

சத்தம் கேட்டுச் சித்தி திரும்பினாள். கையிலிருந்த எழுதுகோல் கீழே விழுந்தது. எல்லாரும் நாற்காலியைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார். "கொஞ்சம் வழி விடுங்க, சாரி" என்று கூட்டத்துக்குள் நுழைந்து, மேஜை மேலிருந்த பையை எடுத்துக்கொண்டு அதே வழியாக வெளியே போனார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தி ஓடிவந்து நாடாவை அவிழ்த்தாள். துறைத்தலைவருக்கு முகம் சிவந்திருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இது நீங்க எனக்காகப் போட்ட நாடகமா மேடம்? பாடத்துல ஒரு பகுதியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். வகுப்பு முழுக்க அவளையே பார்த்தது. ஆனால் சாட்சி பொய் சொல்லக்கூடாது என்று வாரம் இரண்டு தடவை சொல்கிறவள் அவள்.

"இல்ல சார்" என்றாள். "நான் ஏற்பாடு பண்ணின திருடன் வேற. உங்களைப் பிடிச்சது எங்க தப்பு."

"வேற திருடனா? எங்க?"

அப்போது கதவைத் தட்டிவிட்டுச் சித்தப்பா தலையை நீட்டினார். தோளில் சித்தியின் பை. "என்னங்க, யாரும் துரத்தலியே? நான் படிக்கட்டு வரைக்கும் போய் நின்னு பார்த்தேன்."

"இவர் உள்ளே வரவே இல்லையே!" என்றான் கம்பம்.

"நானும்தான் இங்கேயே இருந்தேன். யாரும் வரலை" என்றார் துறைத்தலைவர்.

சித்தப்பாவுக்கு மனசு வலித்துவிட்டது. "சார், நான் உங்க காலை மிதிச்சேன். சாரிகூடச் சொன்னேன்."

சித்தி கீழே விழுந்த எழுதுகோலை எடுத்தாள். வேலை போவதாகவே இருக்கட்டும், மணி அடிக்கும்வரை வகுப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சரி, எல்லாரும் உட்காருங்க. என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க. சார், முதல்ல நீங்க."

"ஆறு பேர் என் மேல பாய்ஞ்சாங்க" என்று ஆரம்பித்தார் துறைத்தலைவர்.

"ரெண்டு பேர் சார்" என்றாள் வகுப்புத் தலைவி. "நீங்க ஓடி வந்தீங்க."

"ஓடினேனா? நான் நடந்தேம்மா!"

"பறந்து வந்தாரு" என்றது முன்வரிசை.

"உங்க கையில என்ன சார் இருந்துச்சு?" என்று குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள் தலைவி.

"குடை."

அவர் மடியில் ஹெல்மெட் இருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். கடைசியில் அவரும் குனிந்து பார்த்தார். அசடு வழிய ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அதை விடு. நான் நடந்தேன். அதுல மாற்றம் இல்லை. அடுத்த கேள்வி கேளு" என்றார்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கம்பமும் அவரும் எதிரெதிரே நின்று, அவர் வந்த நடையை ஆளுக்கொரு விதமாக நடந்து காட்டினார்கள். இரண்டும் மற்றவர்கள் பார்த்த நடையாக இல்லை. அடுத்த வகுப்புக்காரர்கள் வந்து வாசலில் நின்ற பிறகுதான் கூட்டம் கலைந்தது.

துறைத்தலைவர் சித்தியிடம் வந்தார். அவள் கைகட்டி நின்றாள்.

"அடுத்த பருவத்துக்கு இந்த அறை வேண்டாம் மேடம். பின்கதவு இல்லாத அறையா பார்த்துத் தரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

சித்தி அப்படியே நின்றாள். விஷயம் மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கியதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன்.

சித்தப்பாவுக்கு மட்டும் கவலை தீரவில்லை.

"அப்போ நான் எப்படி வர்றது?" என்றார்.