கண்ணாடிமேல் விழுந்த பழி

திருச்சானூரில் கோயிலுக்குப் போகிற ரோட்டில் இருந்த அந்த நாலு மாடி லாட்ஜுக்கு ஸ்வர்ணலதாதான் மேனேஜர். சொந்த ஊர் நகரிப் பக்கம். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வந்தவள், வருஷங்கள் போகப்போக லாட்ஜையே கவனித்துக்கொள்கிறவளாகிவிட்டாள். முதலாளி சுதீர் திருப்பதி டவுனில் இருந்தபடி போனிலேயே எல்லாம் கேட்டுக்கொள்வார்.

தீயணைப்புத் துறை அனுமதியைப் புதுப்பிக்க வந்த அதிகாரி கீழ்த்தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறை சொன்னார். பின்பக்கம் கேன்டீன். கேன்டீனிலிருந்து நேராக லாபி, லாபியிலேயே மாடிப்படி. அடுப்படியில் நெருப்புப் பிடித்தால் மேலே இருக்கிறவர்கள் இறங்க வேறு வழியே இல்லை. நடுவில் தீயைத் தாங்குகிற தடுப்பு ஒன்று போட்டாக வேண்டும்.

"சொவரு எழுப்பிடலாம் சார்" என்றாள் ஸ்வர்ணலதா.

"சொவரு வெச்சா லாபி குகை மாதிரி ஆயிடும் லதா. கண்ணாடி போடு, பளிச்சினு இருக்கும்" என்றார் சுதீர்.

கண்ணாடி என்றால் எந்தக் கண்ணாடி? அவளுக்குத் தெரியவில்லை. சித்தூருக்கு பஸ் ஏறி, கண்ணாடி வியாபாரி நாகபூஷணத்தின் கடைக்குப் போனாள். அவர் தெலுங்குக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மூன்று துண்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"இது டஃபண்ட் கண்ணாடிம்மா. அடி தாங்கும், ஆனா நெருப்பு பட்டா கொஞ்ச நேரத்துல பொலபொலன்னு கொட்டிடும். இது ரெண்டாவது. தீயும் பொகையும் தாண்டாது, அனலு மட்டும் தாண்டும். இந்தப் பக்கம் நடக்கிறவங்க வெந்துடுவாங்க. இது மூணாவது. அடுக்கு அடுக்கா இருக்கு பாருங்க, நடுவுல ஜெல்லு. சூடு ஏறினா உப்பி, பால் மாதிரி வெளுத்துடும். அனலும் வராது."

"எங்க லாட்ஜுல கெழவனுங்க, கொழந்தைங்கதான் ஜாஸ்தி. மெதுவாத்தான் எறங்குவாங்க."

"அப்ப மூணாவதுதான். ஃப்ரேமும் அதுக்குன்னு டெஸ்ட் பண்ணதா இருக்கணும். சாதா அலுமினியத்துல மாட்டினா கண்ணாடி நிக்கும், ஃப்ரேமு உருகிடும்."

சுதீர் விலையைக் கேட்டதும் சிரித்தார். "டெஸ்ட் பண்ண கண்ணாடின்னு மூலையில ஒரு முத்திரைதானே கேக்குறாங்க? சாதாக் கண்ணாடியில அதே முத்திரைய அடிச்சிக் குடுக்க எனக்கு ஆள் இருக்கான்."

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். மலைக்குப் போய் மணிக்கணக்கில் வரிசையில் நின்றுவிட்டு, மொட்டைத் தலையோடு வந்து செத்த பிணம்போலத் தூங்குகிற ஜனங்கள் அவள் கண்முன் வந்தார்கள். "முத்திரை அடிச்ச கண்ணாடி உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன் சார்" என்றாள். அவள் போய்விட்டால் தானே வந்து லாட்ஜில் உட்கார வேண்டியிருக்கும் என்பதை நினைத்தாரோ என்னவோ, சுதீர் ஒத்துக்கொண்டார். மூன்றாவது ரகமே வந்தது. கதவும் அதே கண்ணாடி, தானாக மூடிக்கொள்கிற கதவு.

கதவு வந்ததும் சுதீருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. கேன்டீனுக்கு டிபன் சாப்பிட வருகிற வெளியாட்கள் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்து மாடி பாத்ரூமுக்குப் போகிறார்களாம். லாபிப் பக்கம் ஒரு சங்கிலியைப் போட்டுப் பூட்டினார். சாவி அவர் கொத்திலேயே போய்ச் சேர்ந்தது.

"தெறந்திருக்கணும் சார் இந்தக் கதவு" என்றாள்.

"பின்னாடி வழி இருக்குதில்ல?"

கண்ணாடிக்காகச் சண்டை போட்டே ஓய்ந்திருந்தாள். ஒருதரம் சொன்னதோடு விட்டுவிட்டாள்.

லாட்ஜைப் பெருக்கித் துடைக்கிறவள் செங்கம்மா. அவளும் ஸ்வர்ணலதாவின் ஊர்தான். ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் ஸ்வர்ணலதா வீட்டார். அந்த நிலத்தில் களை பறித்தவள் செங்கம்மாவின் அம்மா. வேலை கேட்டு வந்தபோது சேர்த்துவிட்டது ஸ்வர்ணலதாதான். "யக்கா, ஊருல ஒங்க வாசல தாண்டினது இல்ல. இங்க ஒங்க பக்கத்துல ஒக்காந்து துன்னுகினு கீறேன்" என்று செங்கம்மா சிரிப்பாள்.

அது காலை டிபன் நேரம். வடை போட்டுக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தது. மாஸ்டர் தண்ணீரை ஊற்றிவிட்டார். தீ கூரைவரை எழுந்தது. கேன்டீனில் இருந்தவர்களெல்லாம் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். பக்கத்து ஸ்டோர் ரூமில் துடைப்பம் எடுத்துக்கொண்டிருந்த செங்கம்மா வெளியே வந்தபோது, பின்வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் தீ நின்றது. அவளுக்கு மிச்சம் இருந்தது கண்ணாடிக் கதவு ஒன்றுதான்.

லாபியில் ஸ்வர்ணலதா மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். ஜனங்கள் இறங்கத் தொடங்கினார்கள். கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது. நாகபூஷணம் சொன்னபடியே பாலாகிப்போனது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியவில்லை. அப்புறம்தான் தட்டுகிற சத்தம் கேட்டது.

"யக்கா! யக்கா!"

தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிப் பூட்டின்மேல் போட்டாள். சங்கிலி அசைந்துகொடுக்கவில்லை. கண்ணாடியில் அடித்தாள். மேல் அடுக்கு விரிசல் விட்டது, உள்ளே இருந்த அடுக்குகள் அப்படியே நின்றன. ரூம் பையன்களுக்கு மேஸ்திரிபோல இருந்த முரளி ஓடிவந்து கையைப் பிடித்தான். "மேடம், ஒடஞ்சா பொகை பூரா படிக்கட்டுல ஏறும்! கொழந்தைங்க எறங்கிக்கினு கீறாங்க!"

அவனைத் தள்ளிவிட்டு மறுபடியும் அடித்தாள். கண்ணாடி உடையவில்லை. மேலிருந்து கடைசிக் கிழவியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கு முன்னாலேயே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்து, பின்வாசல் வழியாக நுழைந்து தீயை அடக்கி, கேன்டீன் பக்கமிருந்தே கதவைப் பெயர்த்தார்கள். சாவிக்கொத்தோடு சுதீரும் வந்து சேர்ந்தார். போலீஸ் விசாரிக்க வந்தபோது கதவில் சங்கிலியும் இல்லை, பூட்டும் இல்லை.

மறுநாள் டிவியில் பேச்செல்லாம் கண்ணாடியைப் பற்றித்தான். உடையாத கண்ணாடி, உயிரைக் குடித்த கண்ணாடி என்றார்கள். சுதீர் மைக்கின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு டெக்னிக்கல் எதுவும் தெரியாதுங்க. கண்ணாடி செலக்ட் பண்ணது எங்க மேனேஜர் மேடம்."

ஸ்வர்ணலதா பூட்டைப் பற்றிச் சொன்னாள். போலீஸ் முரளியைக் கேட்டது. "பூட்டா? நான் எதுவும் பாக்கல சார்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். நெருப்பில் கதவு இறுகிவிட்டிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். கண்ணாடி தன் வேலையைச் சரியாகச் செய்தது, மாடியில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தது அதனால்தான் என்று தீயணைப்பு அதிகாரி சொன்னதை யாரும் டிவியில் காட்டவில்லை. பிழைத்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவர்கூட போன் செய்யவில்லை.

வேலை போயிற்று. புத்தூரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். அங்கேயும் "அந்தக் கண்ணாடிக்காரம்மா" என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு கேட்டது. கண்ணாடி உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவும் அவளால் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சில மாதம் பொறுத்து ஊருக்குப் போனாள். பிறந்து வளர்ந்த ஊரில் செங்கம்மாவின் தெருவுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. மகள் பிரியங்கா நாற்காலி போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. செங்கம்மாவின் புருஷன் நாகையா காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வெளியே வந்தான்.

"நாகையா, அந்தக் கதவு பூட்டியிருந்தது. சாவி சுதீர்கிட்ட இருந்தது. ஒனக்குத் தெரியணும்னுதான் வந்தேன்."

"தெரியும்மா. முரளி வந்து அழுதுட்டுப் போனான்."

"அப்ப நீ ஏன் சும்மா கீற? வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

நாகையா சட்டையைக் காட்டினான். "லாட்ஜு மறுபடி தெறந்துட்டாங்கம்மா. அங்கதான் எனக்கு வாட்ச்மேன் வேலை. பிரியங்கா காலேஜு ஃபீஸும் சுதீர் சாருதான் கட்றாரு. அதே மாதிரி கண்ணாடி போட்டு, பக்கத்துல செவப்பா ஒரு சுத்தி மாட்டி வெச்சிகிறாரு. அவசரத்துக்கு ஒடைக்கவாம்."

"அந்தக் கண்ணாடி சுத்திக்கு ஒடையாது நாகையா."

"அதுவும் தெரியும்." அவன் குரல் உயரவே இல்லை. "பூட்டுன்னு சொன்னா அவரு உள்ள போவாரு, என் வேலை போவும், இவ படிப்பு போவும். கண்ணாடின்னா யாரும் ஜெயிலுக்குப் போவ வேணாம்."

"என் பேரு?"

"ஒங்களுக்கு நெலம் கீதும்மா. ஒங்க ஜனம் கீது. எப்பிடியாச்சும் பொழச்சிக்குவீங்க" என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஸ் வருகிற நேரம் என்று சொல்லி நாகையா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பிரியங்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்வர்ணலதா எழுந்து தெருவில் நடந்தாள். தனியாகப் போய் மறுபடி புகார் கொடுத்தால் பிரியங்காவின் படிப்புத்தான் போகும் என்று தோன்றியது, ஸ்டேஷனுக்குப் போகாமலே பஸ் ஏறினாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் கடைக்குப் போய்ப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக் காட்டத் தொடங்கினாள்.