கொசுக்களுக்குச் சோறு போட்டவள்

விலங்கியல் படித்தால் என்னென்ன உத்தியோகத்துக்குப் போகலாம் என்று கல்லூரியின் முதல் நாளில் துறைத்தலைவர் மூச்சுவிடாமல் அடுக்கினார். வன அதிகாரி ஆகலாம், மீன்வளத்துறையில் சேரலாம், அருங்காட்சியகத்தில் உட்காரலாம், புலிகளின் பின்னால் கேமராவோடு அலையலாம். கையை நீட்டிக் கொசுவுக்குச் சோறு போடலாம் என்பதை மட்டும் அந்த மனிதர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே எழுந்து கணக்குப் பாடத்துக்கு ஓடியிருப்பாள்.

ஓடாமல் மேல்படிப்பையும் முடித்தாள். கூடப் படித்தவர்களில் ஒருவன் மருந்துப் பையோடு டாக்டர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடக்கிறான். ஒருத்தி மீன்தீவனக் கம்பெனியில் மேனேஜர். இன்னொருத்தி தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே தொண்டை கட்டிப்போனாள். புலியின் பின்னால் ஒருவரும் போகவில்லை. இவளுக்கு வாய்த்தது கொசு ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை.

மருந்துகளைச் சோதித்துப் பார்க்க மலேரியா கொசு வேண்டும். நோயில்லாத கொசுவாக, அங்கேயே பிறந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். பெண்கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். செயற்கையாக ரத்தம் ஊட்டும் கருவிக்கு எழுதிப் போட்டிருப்பதாக வருஷா வருஷம் சொன்னார்கள். அது வரும்வரைக்கும் யாராவது கை கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் கை வீங்கியது, சொறிந்தது, லீவு போட்டார்கள். இவளுக்கு வீங்கவில்லை, அவ்வளவுதான் செய்த பாவம். புழுங்கித் தள்ளும் அந்த அறையில் ஒவ்வொரு வலைக்கூண்டாகக் கையை நுழைத்து, அவை வயிறு சிவந்து விலகும்வரை உட்கார்ந்திருப்பாள். வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது. கல்யாண வீட்டுக்குக்கூட வெறும் முகத்தோடுதான் போவாள். கொழுந்தனுக்கு அதில் தனி சந்தோஷம். அண்ணிக்கு அங்கே ஆயிரம் பிள்ளைகள், இங்கேதான் ஒன்றே ஒன்று என்று பந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்வான். அவளும் சிரித்து வைப்பாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

இந்த வருஷம் ஒரு நம்பிக்கை பிறந்தது. புதிய மருந்து ஒன்றின் சோதனை நல்லபடியாக முடிந்தால் அவளுடைய வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று நிலையத்தின் இயக்குநர் தன் வாயாலேயே சொன்னார். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்திருந்த நேரம். ஒப்பந்தம் நீளுமா, நீளாதா என்று வருஷக் கடைசியில் வரும் பயம் இனி இருக்காது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே லேசானது.

சோதனைக்கு முந்தின வாரம் கொசுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கூண்டின் தரை கறுத்துக் கிடந்தது.

இயக்குநர் கொசு அறையின் வாசலில் நின்றபடியே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வெளிக்கதவருகே காவலாளி கொசுவர்த்தி கொளுத்தியதை யாரோ பார்த்திருந்தார்கள். கொசு வளர்க்கிற இடத்தில் கொசுவர்த்தியா என்று அவர் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். காவலாளி நேரே இவளிடம் வந்து நின்றார். வயதானவர், இனி வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பது இருவருக்குமே தெரியும்.

"நான் வாசல்லதாம்மா கொளுத்துனேன். அந்தப் புகை இவ்வளவு தூரம் உள்ள வருமா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். கூண்டுக்குள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஆண்கொசுக்கள் சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சில் சுகமாக உட்கார்ந்திருந்தன. செத்தவை அத்தனையும் பெண். புகை ஆண், பெண் பார்த்துக் கொல்லாது. ஆண்கொசு ரத்தம் குடிக்காது. அப்படியானால் ரத்தத்தில்தான் கோளாறு. ரத்தம் அவளுடையது.

போன வாரம் மகள் விடுதியிலிருந்து சொறியைக் கொண்டுவந்திருந்தாள். வீட்டிலுள்ள அனைவரையும் மாத்திரை போடச் சொன்னார் தோல் டாக்டர். சமையலறையில் நின்றபடியே, அடுப்பில் ஒரு கண்ணும் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாக அவளும் விழுங்கினாள். அந்த மாத்திரை போட்டவர்களின் ரத்தத்தைக் குடித்தால் மலேரியா கொசு செத்துப்போகும் என்பது அவள் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். அலுப்பில் எப்படியோ புத்திக்கு எட்டாமல் போயிற்று.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. காவலாளி போவார், வேலை நிரந்தரமாகும். அன்று மத்தியானம் முழுக்க அவள் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மகளின் படிப்பை நினைத்தாள். காவலாளி சாப்பாட்டுத் தூக்கையும் பழைய செருப்பையும் பைக்குள் திணித்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சீ, என்ன பிழைப்பு என்று எழுந்து இயக்குநர் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார். காவலாளி இருக்கட்டும் என்றார். சோதனை தள்ளிப்போவதற்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும், அதனால் நிரந்தர வேலை என்ற பேச்சை இனி எடுக்க முடியாது என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லாம இருந்திருக்கலாமேம்மா. யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே சார். இதத்தானே படிச்சேன்."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தப் படிப்பைப் பற்றி இத்தனை வருஷத்தில் தலை குனியாமல் அவள் சொன்ன முதல் வாக்கியம் அது. ஆனால் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. கொசு அறையின் மூலைத் தட்டில் கிடந்த கூட்டுப்புழுக்களிலிருந்து புதுக்கொசுக்கள் வெளிவந்திருந்தன. மிச்சமிருந்த வம்சம் அவ்வளவுதான்.

"அதுங்களுக்கு இன்னைக்கு ரத்தம் குடுக்கணும் சார். என் கை இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆகாது. மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் புரியாததுபோல் பார்த்தார். பிறகு புரிந்தது. அவரும் விலங்கியல்தான், இரண்டு பட்டம் கூடுதல். எழுந்து அவள் பின்னால் வந்தார். அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, கூண்டுக்குள் நீட்டினார். முதல் கடிக்கே தோள் துள்ளியது. அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். கால் கடுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"இது தினமுமா?"

"ஞாயித்துக்கிழமையும்தான் சார்."