ஐந்தருவிப் பக்கம் ஒரு பலகை மாட்டப் போனோம்

ஆனிக் கடைசியில் குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் நான் போனது குளிக்க மட்டும் இல்லை. எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த மாணிக்கம் கூப்பிட்டிருந்தான். எட்டாவதோடு நான் நின்றுவிட்டேன். அவன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வரை போனான். என் தாளைப் பார்த்து எழுதித்தான் பாஸானான் என்று இன்றும் சொல்லித் திரிகிறேன்.

ராஜபாளையத்தில் காலை 6.10க்குப் பஸ். தென்காசிக்கு 62 கிலோமீட்டர், 65 ரூபாய். வலது பக்கம் உட்காருங்கள், மலை தெரியும். அங்கிருந்து மாணிக்கத்தின் ஊரான இலஞ்சிக்கு டவுன் பஸ் பத்து ரூபாய்.

மாணிக்கம் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு இருபத்தாறு வருஷம் திரை செய்தான். டி.வி. மாதிரி வெளிச்சம் விடுகிற திரை இல்லை. காகிதம் மாதிரி வெயிலில் தெளிவாகத் தெரிகிற திரை. எழுத்து மாறும்போது மட்டும் துளி கரண்டு குடிக்கும். பிறகு வயரைப் பிடுங்கினாலும் எழுத்து அப்படியே நிற்கும். உரிமையெல்லாம் கம்பெனிக்கு. கம்பெனி கைமாறியபோது அந்தப் பிரிவையே மூடி, ஒரு மாலையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடிகாரத்திலும் கம்பெனி பேர்தான்.

இப்போது வீட்டு மாடியில் கம்பெனி உரிமையைத் தொடாமல் வேறு விதமாகத் தானே அப்படி ஒரு திரைப் பலகை செய்திருந்தான். மேலே ‘அருவியில் குளிக்கலாம்’. கீழே சின்னதாக ‘உருவாக்கியவர்: இலஞ்சி மாணிக்கம்’. அவன் பேர் போட்டு வெளியே வரும் முதல் சாமான். ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜ்காரர், பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார். பலகையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் நான்.

ஆட்டோ 180 ரூபாய். துணி சுற்றிய பலகையைப் பார்த்த டிரைவர், யார் படம் அண்ணாச்சி என்று கேட்டார். “உசுரோட இருக்கவன் படந்தான். பக்கத்துல இருக்கான் பாரு” என்றேன். மாணிக்கம் சிரிக்கவில்லை.

11.20க்கு வாசலில் மாட்டினோம். நல்ல வேளையாக வெயில் அடித்தது. லாட்ஜ்காரர் சுற்றிச் சுற்றி வந்து, பல்பே எரியலையே என்றார். வெயிலில் பல்பு எதற்கு என்று மாணிக்கம் விளக்கினான். பிறகு பெருமையாக வயரைப் பிடுங்கிக் காட்டினான். அங்கேதான் கெட்டது.

“கரண்டைப் புடுங்குன பெறவும் எழுத்து நிக்குதே. இது ஸ்டிக்கர்லா சார்?”

இருபத்தாறு வருஷ உழைப்புக்குக் கிடைத்த பட்டம் அது. வயரை மாட்டி, ‘குளிக்கத் தடை’ என்று மாற்றிக் காட்டப் போனான். லாட்ஜ்காரர் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். சீசன் நேரத்தில் தடை என்று ஒரு நிமிஷம் வாசலில் தெரிந்தாலும் ரூமைக் காலி பண்ணிவிடுவார்களாம்.

“கீழ பொடி எழுத்து இருக்குல்லா, அதை அழிச்சுக் காட்டுங்க. போதும்.”

மாணிக்கம் என்னைப் பார்த்தான். எனக்கும் கேலி ஒன்றும் வரவில்லை. “வேண்டாம்லே, கழட்டு, போவோம்” என்றேன். அதற்குள் பட்டனை அமுக்கிவிட்டான். பேர் மட்டும் போயிற்று, ‘உருவாக்கியவர்:’ அப்படியே நின்றது.

லாட்ஜ்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நெசந்தான், அழியுதே. சரி, அந்த எடம் சும்மாதான கெடக்கு? நம்ம லாட்ஜ் பேரைப் போட்ருங்க சார்.”

போட்டான். நடுவில் சரியாக நிற்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது, ஓரமாக உன் பேருக்கும் கொஞ்சம் இடம் கேட்டிருக்கலாமே என்றேன். “பெங்களூர்ல கேட்டுப் பாத்துட்டேம்லே” என்றான்.  

போகிறவர்களுக்கு: ஐந்தருவிக்குக் காலை ஏழுக்கு முன்னால் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. மாற்றுத்துணியை ஆட்டோவில் விட்டுப் போகாதீர்கள். வழியில் அந்தப் பலகை கண்ணில் பட்டால், யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேல் வரியை நம்பலாம். கீழ் வரியை நம்பாதீர்கள்.